ஆங்கிலத்தில் குழப்பும் ஜோடிச் சொற்கள்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரத்தில் வெளியூர்ப் பயணிகளுக்கு வழிகாட்டுபவர், மண்டபத்தில் இறால் ஏற்றுமதிக்கு பில் போடுபவர், தொண்டியிலிருந்து கூட்டுறவுக் கடனுக்கு விண்ணப்பம் எழுதுபவர், கீழக்கரையிலிருந்து துபாய் வேலைக்குக் கிளம்புபவர் என்று எல்லோருக்கும் கொஞ்சமாவது ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. இவர்களில் யாரும் பெரிய சொற்களில் தடுக்கி விழுவதில்லை. லெண்ட், பாரோ, சின்ஸ், ஃபார், ரைஸ், ரெயிஸ் என்று ஜோடியாக வரும் சின்னச் சொற்களில்தான் சிக்கல்.

ஜோடிப் பட்டியலை மனப்பாடம் செய்தால் இந்தக் குழப்பம் தீராது, பல நேரம் கூடவே செய்யும். இரண்டு சொல்லையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டே மனதில் பதியும். வேண்டும்போது எது எது என்று பிரியாது. அதனால் எந்தச் சொல் எதனால் குழம்புகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

காரணம் மூன்று

தமிழில் ஒரே சொல் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று நிற்பது முதல் வகை. கடன், நிழல், கேள், கால் எல்லாம் இதில் சேரும். நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் வேறு வேறு ஒலிகள் இரண்டாம் வகை. ஒலி ஒன்றேயாக இருந்து எழுத்துக்கூட்டல் மட்டும் மாறுவது மூன்றாம் வகை.

வகையைக் கண்டுபிடிக்க, குழப்பும் சொல் இரண்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் வந்தால் அது முதல் வகை. தமிழில் பொருள் தெளிவாகப் பிரிந்தும் ஆங்கிலத்தில் குழம்பினால், கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி இரண்டையும் கேளுங்கள். ஒலி வேறு என்றால் இரண்டாம் வகை, ஒன்றே என்றால் மூன்றாம் வகை.

ஒரு 100 பக்க நோட்டு வாங்கி இந்த மூன்று வகைக்கும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் நான்கு வரி எழுத வேண்டும்: சொல்ல நினைத்த தமிழ் வாக்கியம், நீங்கள் எழுதிய ஆங்கிலம், சரியான ஆங்கிலம், உங்கள் தொழிலை வைத்து நீங்களே எழுதிய இன்னொரு வாக்கியம். நான்காவது வரியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் மனதில் நிற்பது அந்த வரிதான். வாரத்துக்கு மூன்று ஜோடி போதும். ஜோடியில் உங்களுக்கு அதிகம் தேவைப்படும் சொல்லை முதலில் எடுங்கள். அது தயங்காமல் வாயில் வந்த பிறகு, ஒரு வாரம் கழித்து மற்றதைப் படியுங்கள்.

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு

இந்த வகையில் ஆங்கில-தமிழ் அகராதி உதவாது. ‘சே’ என்று தேடினாலும் ‘டெல்’ என்று தேடினாலும் ‘சொல்’ என்றுதான் வரும். ஆங்கிலம் கற்போருக்கான ஆங்கில-ஆங்கில அகராதியைத் திறந்து, விளக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள். ‘டெல்’லுக்குப் பின்னால் யாரிடம் சொன்னோமோ அந்த ஆள் உடனே வருவதைப் பார்ப்பீர்கள்: டெல் மீ, டெல் ஹிம். ‘சே’க்குப் பின்னால் சொன்ன செய்தி வரும். ஆளைச் சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் ‘டு’ வேண்டும். ‘ஹி செட் மீ’ என்று எழுதுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

கடன் விஷயத்தில் பணம் போகும் திசையைப் பாருங்கள். கையை விட்டுப் போனால் லெண்ட், கைக்கு வந்தால் பாரோ. வங்கி லெண்ட் செய்கிறது, படகுக்காரர் பாரோ செய்கிறார். ‘கேன் யூ பாரோ மீ’ என்று கேட்டால் திசை தலைகீழாகிவிடும். வட்டியில்லாமல் ஒரு நாளைக்கு ஐஸ்பெட்டி வாங்கிப் போவதற்கும் இதே இரண்டு சொற்கள்தான். கடன் என்றதும் பணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

‘கேள்’ இன்னும் பெரிய சிக்கல். வழி கேட்டால் ஆஸ்க். அலைச் சத்தம் தானாகக் காதில் விழுந்தால் ஹியர். வானொலியில் புயல் எச்சரிக்கையைக் கவனம் வைத்துக் கேட்டால் லிசன், அதன் பின்னால் ‘டு’ கட்டாயம். ‘பார்’ என்பதும் இப்படித்தான் பிரியும். தானாகக் கண்ணில் படுவது சீ, கண்ணைத் திருப்பி நோக்குவது லுக் அட். நகருகிற ஒன்றை நின்று கவனிப்பது வாட்ச். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலம் திறப்பதை வேடிக்கை பார்ப்பவர் வாட்ச் செய்கிறார். ஹியரும் சீயும் நம் முயற்சியில்லாமல் நடப்பவை. லிசன், லுக், வாட்ச் மூன்றும் நாம் செய்பவை. இந்த ஒரு கோட்டைப் போட்டுவிட்டால் ஐந்து சொல்லும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

தனுஷ்கோடிக்குப் பயணிகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ‘நிழல்’ தினமும் வாயில் வரும் சொல். வெயிலுக்கு ஒதுங்கும் இடம் ஷேட், ஆளின் உருவம் தரையில் விழுவது ஷேடோ. ‘அங்கே நிழல் கிடையாது, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு ஷேட் வேண்டும். ஷேடோ இல்லை என்று சொன்னால் கேட்பவர் திகைத்துப் போவார்.

மருத்துவமனையில் இந்த வகைத் தவறு ஆபத்தாகவே முடியலாம். நமக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் கால்தான். ஆங்கிலத்தில் கணுக்காலுக்குக் கீழே இருப்பது ஃபுட், அதற்கு மேலே லெக், கணுக்கால் ஆங்க்கிள். அதேபோல மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட், மேலே ஆர்ம். கைவிரல் ஃபிங்கர், கால்விரல் டோ. திருக்கை முள் பாதத்தில் குத்தியிருக்க, காப்பீட்டுப் படிவத்தில் லெக் என்று எழுதி, மருத்துவர் சான்றில் ஃபுட் என்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் படிவம் திரும்பி வரும். படிவம் நிரப்பும்போது மருத்துவர் எழுதிய சொல்லையே பார்த்து எழுதுங்கள்.

‘காணோம்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ‘ஐ மிஸ்டு மை பர்ஸ்’ என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோம். வெளியூர்க்காரருக்கு அது பர்ஸ் இல்லாத ஏக்கத்தைச் சொல்வதுபோல இருக்கும். பேருந்தைத் தவறவிட்டால் மிஸ். பொருள் தொலைந்தால் லாஸ்ட். எங்கே வைத்தோம் என்று தெரிந்து அங்கேயே விட்டுவந்தால் லெஃப்ட். ‘பையை ரயிலில் மறந்துட்டேன்’ என்பதில் ரயில் என்ற இடம் வருவதால் ஃபர்காட் பொருந்தாது, லெஃப்ட்தான் பொருந்தும். காவல் நிலையத்தில் ஆவணம் தொலைந்ததாகப் புகார் எழுதும்போது லாஸ்ட் என்ற சொல்லை மட்டும் பயன்படுத்துங்கள்.

சந்தேகம் என்பதற்கு டவுட் என்று எழுதுவது நம் நாட்டில் செல்லுபடியாகும். ஆனால் ஐரோப்பியப் பயணியிடம் ‘எனி டவுட்ஸ்’ என்று கேட்டால், நீங்கள் சொன்னதை அவர் நம்பவில்லையா என்று கேட்பதுபோலப் படும். அங்கே கொஸ்டின் என்று கேளுங்கள்.

தன்வினை, பிறவினை தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம்

பள்ளியில் படித்த இந்த இலக்கணம் இங்கே நேரடியாகக் கைகொடுக்கும். உயர் என்றால் ரைஸ், உயர்த்து என்றால் ரெயிஸ். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி இருக்கிறது. அது 17 மீட்டர் வரை மேலே போகும். பாலத்தை மட்டும் எழுவாயாக வைத்தால் ரைஸ். இயக்குபவர் அதைத் தூக்குகிறார் என்றால் ரெயிஸ், அதற்குப் பின்னால் எதைத் தூக்கினார் என்பது வந்தே தீர வேண்டும். கடல் மட்டம் ரைஸ் ஆகும், அதை யாரும் ரெயிஸ் செய்வதில்லை. பின்னால் ‘எதை’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் ரெயிஸ், இல்லையென்றால் ரைஸ்.

லை, லே இரண்டும் இதே ஜோடிதான். படகு கரையில் கிடக்கிறது என்றால் லை, வலையை விரித்துப் போடுகிறோம் என்றால் லே. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. லை என்பதன் இறந்தகாலமும் லேதான். நேற்று படகு கிடந்தது என்பதற்கு லே, நேற்று வலை போட்டோம் என்பதற்கு லெய்ட். ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்களே தடுமாறும் இடம் இது. எழுத்தில் சந்தேகம் வந்தால் லையை விட்டுவிட்டு ‘தி போட் வாஸ் ஆன் தி ஷோர்’ என்று எழுதிக் கடந்து போங்கள். ஞாபகம் வைத்துக்கொள்வது ரிமெம்பர், ஞாபகப்படுத்துவது ரிமைண்ட். இதில் பொறி எதுவும் இல்லை.

நாளும் கெடுவும்

அரசு அலுவலகக் கடிதங்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இந்த ஒரு தடையை வைத்தே ஐந்து சொற்களைப் பிரித்துவிடலாம்.

தடை ஜூன் 14 வரை என்றால் அன்டில். அந்த நாள்வரை தொடர்ந்து நடப்பது அது. படகு ஆய்வுக்கான விண்ணப்பத்தை ஒரு தேதிக்குள் கொடுக்கச் சொன்னால் பை. அதற்குமுன் எந்த நாளிலும் ஒருமுறை கொடுத்தால் போதும். ‘சப்மிட் அன்டில் டென்த்’ என்றால் பத்தாம் தேதிவரை ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாகிவிடும். தமிழில் ‘பத்தாம் தேதிக்குள்’ என்றாலும் ‘பத்து நாளுக்குள்’ என்றாலும் ஒரே ‘உள்’தான். ஆங்கிலத்தில் தேதிக்கு பை, நாள்கணக்குக்கு விதின். அலுவலகக் கடிதத்தில் விதின் ஃபிஃப்டீன் டேஸ் என்று இருந்தால் கடிதத்தின் தேதியிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்று அந்த வரியை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

தொடங்கிய நாளைச் சொன்னால் சின்ஸ், ஓடிய காலத்தைச் சொன்னால் ஃபார். ‘ஏப்ரல் 15லிருந்து’ என்பதில் வரும் ‘இருந்து’ சின்ஸ், ‘இரண்டு மாதமாக’ என்பதில் வரும் ‘ஆக’ ஃபார். சின்ஸ் டூ மன்த்ஸ் என்பது நம் பக்கத்தில் எழுதப்படும் விண்ணப்பங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழை. இன்னொன்றும் சேர்ந்தே வரும். தமிழில் ‘இரண்டு மாதமாக வேலையில்லாமல் இருக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதால் ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம்’ என்று தொடங்கிவிடுகிறோம். சின்ஸும் இந்த ஃபாரும் வந்தால் ‘ஐ ஹாவ் பீன்’ என்றுதான் தொடங்க வேண்டும்.

காதை ஏமாற்றும் சொற்கள்

குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே வரும் என்பதால் ஷிப், ஷீப் வேறுபாடு எளிது. சோம்பலாகச் சொன்னால் பீச், ஷீட் இரண்டும் குறுகிக் கெட்ட வார்த்தையாகிவிடும் என்பதால் பயணிகளிடம் பேசுபவர்கள் நெடிலை நன்றாக இழுத்துச் சொல்ல வேண்டும். சிக்கல் தருபவை வேறு. கோஸ்ட் என்றால் கடலோரம், காஸ்ட் என்றால் விலை. படகு போட், இரண்டும் என்றால் போத், வாங்கினேன் என்றால் பாட். போத் சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப்பார்க்க வேண்டும். வாக் என்றால் நட, வர்க் என்றால் வேலை. வாக்கில் எல் எழுத்து ஊமை. கடல் சீ, அவள் ஷீ.

குளிப்பதற்கு பாத், பேய்த் என்று இரண்டு. பாத் பெயர்ச்சொல், பேய்த் வினைச்சொல், எழுத்தில் கடைசியில் ஓர் ஈ கூடும். மூச்சுக்கும் அப்படியே: பிரெத் பெயர், பிரீத் வினை. ராமநாத சுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு வருபவர்களுக்கான பலகையில் ‘வெட் க்ளாத்’ என்று எழுதினால் ஏதோ ஈரத் துணித்துண்டு என்று பொருள். உடுத்தியிருப்பது க்ளோத்ஸ்.

பயிற்சிக்குக் கைபேசி போதும். விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தை அழுத்தி, மொழியை இந்திய ஆங்கிலமாக மாற்றி, சொல்லைத் தனியாகச் சொல்லுங்கள். கோஸ்ட் என்று சொல்லி காஸ்ட் என்று எழுதப்பட்டால் உங்கள் ஓகாரம் போதவில்லை. முழு வாக்கியமாகச் சொல்லிச் சோதிக்காதீர்கள். முன்பின் சொற்களை வைத்து எந்திரமே ஊகித்துத் திருத்திவிடும், உங்கள் பிழை வெளியே தெரியாது.

எழுத்தில் மட்டும் மாறுபவை

இவற்றை எழுதி எழுதித்தான் பழக வேண்டும், பேசும்போது தொல்லையில்லை. நோட்டு, பேனா விற்கும் கடைப் பலகையில் ஸ்டேஷனரி என்பதற்கு கடைசி ஆர்-ஒய்க்கு முன்னால் வருவது ஈ. அந்த இடத்தில் ஏ போட்டால் ‘அசையாமல் நிற்கிற’ என்று பொருளாகும், பாலத்தில் நிற்கும் ரயிலுக்கு அது சரி. கடிதம் போடும் என்வலப் ஈ-யில் தொடங்குவதை ஞாபகம் வைத்துக்கொண்டால் கடைக்கு ஈ என்பது மறக்காது. கடனின் அசலும் பள்ளி முதல்வரும் ஒரே எழுத்துக்கூட்டல், ஏ-எல் என்று முடியும் பிரின்ஸிபல். கொள்கைக்கு எல்-ஈ.

லூஸ் என்பதில் ஒலியும் கொஞ்சம் மாறும். இழப்பதற்கு ஓர் ஓ போதும், கடைசி ஒலி தொண்டையில் அதிரும். கட்டு தளர்ந்திருந்தால் இரண்டு ஓ, அதிர்வு கிடையாது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அஃபெக்ட் செய்தது, அழிந்த தேவாலயச் சுவர்கள் அதன் எஃபெக்ட். வினைக்கு ஏ, பெயருக்கு ஈ. கைபேசியின் பிழைதிருத்தி இந்த வகையை நம்பகமாகப் பிடிக்காது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு பல நேரம் விழாது.

நம் கரைக்கே உரிய குழப்பங்கள்

ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே கல்ஃப் ஆஃப் மன்னார், வடக்கே பாக் பே. வளைகுடா, விரிகுடா என்று தமிழிலும் பிரித்தே வைத்திருக்கிறோம். எது பெரிது என்று வைத்துப் பிரிக்க முயலாதீர்கள், வங்காள விரிகுடாவைவிடச் சிறிய கல்ஃப்கள் ஏராளம். பெயராகவே பதித்துக்கொள்வதுதான் வழி. பாக் ஸ்ட்ரெயிட் என்ற நீரிணையை எழுதும்போது நடுவில் ஜி-எச் வராது, அது வந்தால் ‘நேராக’ என்ற சொல்.

கரை என்பதற்கு மணலில் நடக்கும் இடம் பீச், நீர் தொடும் ஓரம் ஷோர், மாவட்டம் முழுவதும் நீளும் கடலோரம் கோஸ்ட். வைகைக்கு பேங்க், கண்மாய்க்கரைக்கு பண்ட்.

கணவாய் என்று ஒரே சொல்லில் பில் போட முடியாது. உள்ளே வெள்ளை ஓடு இருந்தால் கட்டில்ஃபிஷ், மெல்லிய கண்ணாடி ஊசிபோல இருந்தால் ஸ்குவிட். ஓட்டுக் கணவாய், ஊசிக் கணவாய் என்று கரையில் சொல்லும் பெயரே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது, கணினி முன் உட்கார்ந்ததும் அதை மறந்துவிடக்கூடாது. கடல் அட்டையை ‘சீ லீச்’ என்று எழுதுவது தவறு, அது சீ குக்கும்பர். பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால் எச்சரிக்கைப் பலகைகளில் இந்தப் பெயர் சரியாக இருப்பது முக்கியம்.

பாசி ஒரு தனி வகை. பாம்பன் பெண்கள் முங்கி எடுப்பது சீவீட், கிணற்றுப்படியில் வழுக்குவது மாஸ் அல்லது ஆல்கே, கடைவீதியில் கோத்து விற்பது பீட்ஸ். பாசிமாலைக்கு விலைச்சீட்டு எழுதும்போது கைபேசி மொழிபெயர்ப்பை அப்படியே நம்பினால் கடற்பாசி மாலை என்று போய்விடக்கூடும்.

பனையில் இன்னும் எச்சரிக்கை தேவை. பாம் என்றால் தென்னையும் அடங்கும், பனைக்கு பால்மைரா. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை டாடி என்று எழுதாதீர்கள். டாடி புளித்த கள், தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. பதநீருக்கு நீரா, நுங்குக்கு ஐஸ் ஆப்பிள்.

விண்ணப்பம் கொடுக்கும் முன்

எழுதி முடித்ததும் உடனே படிக்க வேண்டாம். ஒரு மணி நேரமாவது விட்டு, கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கிப் படியுங்கள். கதை ஓட்டத்தில் போகாமல் ஒவ்வொரு சொல்லும் கண்ணில் நிற்கும். நோட்டில் இதுவரை அதிகம் தவறிய ஐந்து சொற்களைக் கைபேசியின் தேடல் கட்டத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, வரும் இடங்களை மட்டும் சரிபாருங்கள். தேதி வரும் எல்லா வரியிலும் பை, அன்டில், விதின், சின்ஸ், ஃபார் ஐந்தில் எது இருக்கிறது என்று பென்சிலால் வட்டமிட்டு, தமிழில் ‘க்குள்’, ‘வரை’, ‘இருந்து’, ‘ஆக’ என்று சொல்லிப் பொருத்துங்கள். இன்னொருவரிடம் காட்டுவதாக இருந்தால் ‘சரியா பாருங்க’ என்று பொதுவாகக் கேட்காமல், சந்தேகமான சொல்லின் கீழே கோடு போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு ஜோடி பிடிபடவில்லையென்றால் அந்தச் சொல்லையே தவிர்த்து, பொருளை வேறு எளிய சொற்களால் எழுதிக் கொடுத்துவிட்டு, ஜோடியை மறுநாள் நோட்டில் ஏற்றுங்கள்.